குரோசுக் கணக்கும் வருகைப் பதிவேடும்

எங்கள் கரிசல் பக்கத்தில் அறுபது வயதைத் தாண்டியவர்களின் பள்ளிச் சான்றிதழ்களை ஒருசேர எடுத்துப் பார்த்தால், ஊரில் பாதிப் பேர் மே மாதத்திலோ ஜூன் மாதத்திலோ பிறந்தவர்களாக இருப்பார்கள். பள்ளி திறக்கும் நாளில் ஐந்து வயது நிரம்பியிருக்க வேண்டும் என்ற விதிக்குப் பொருந்துமாறு தலைமையாசிரியர் தாமே ஒரு தேதியைப் போட்டுக்கொண்டதன் விளைவு அது. பிள்ளையைக் கூட்டி வந்த தகப்பனாருக்குத் தெரிந்திருந்ததெல்லாம், "பெரிய மழை பெஞ்சதுக்கு மறுவருசம், மாசிக் களரிக்கு மொத நாள்" என்பது போன்ற ஒரு குறிப்புதான். ஆகவே ஆசிரியர் பிள்ளையின் கையைப் பார்த்தார். வலக்கையைத் தலைக்கு மேலாக வளைத்து இடக்காதைத் தொடச் சொல்வார். விரல் நுனி காதை எட்டினால் ஒன்றாம் வகுப்பு, எட்டாவிட்டால் அடுத்த ஆண்டு. சிறுபிள்ளைக்கு உடம்பைப் பார்க்கத் தலை பெரிது, கை குட்டை என்பதால் ஐந்தாறு வயதுக்கு முன் எட்டாது. அந்த அளவில் இந்தச் சோதனைக்கும் ஒரு நியாயம் இருந்தது. அப்படிக் கையால் அளந்து கண்ட வயதைத்தான் பதிவேடு ஒரு தேதியாக மாற்றியது. பிறகு வேலைக்கும் ஓய்வூதியத்துக்கும் அந்தத் தேதியே செல்லுபடியானது.

குழந்தைப்பருவத்தைப் பற்றிச் சமூகவியலாளர்கள் அறுபது ஆண்டுகளுக்கும் மேலாக வாதிட்டு வருவதன் சாரம் இந்தச் சிறு நடைமுறைக்குள் இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது. உடல் வளர்வது இயற்கை. ஆனால் எந்த வயது வரை ஒருவர் குழந்தை, அந்த வயதில் அவர் என்ன செய்யலாம், என்ன செய்யக் கூடாது, அவரால் வீட்டுக்கு வரவா செலவா என்பதையெல்லாம் சமூகம்தான் வகுக்கிறது. அது காலத்துக்குக் காலம் மாறுகிறது, ஒரே காலத்தில் தெருவுக்குத் தெருவும் மாறுகிறது. பதிவேடு வருவதற்கு முன்பும் எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு வயது இருந்தது; எண்தான் இல்லை. தம்பியை இடுப்பில் தூக்குகிற வயசு, ஆடு பத்துகிற வயசு, களையெடுக்கப் போகிற வயசு என்று வேலைதான் வயதைச் சொன்னது. தமிழ்நாட்டில் அந்த அளவுகோல் வேலையிலிருந்து பள்ளி வகுப்புக்கு மாறியது ஏறக்குறைய இரண்டு தலைமுறைக்குள் நடந்தேறிவிட்டது. சட்டங்கள்தாம் இதைச் செய்தன என்று பொதுவாகச் சொல்லப்படுகிறது. சட்டத்தைவிடச் சோற்றுத் தட்டும் பஸ் பாஸும் சைக்கிளும் அதிகம் செய்தன என்பதும், வீட்டுக் கணக்கில் குழந்தை வரவுப் பக்கத்திலிருந்து செலவுப் பக்கத்துக்குப் போனதே இந்த மாற்றத்தின் உட்கரு என்பதும் என் எண்ணம்.

இந்த விவாதத்தைப் பெரிய அளவில் தொடங்கி வைத்தவர் பிலிப் ஆரியஸ் என்ற பிரெஞ்சு வரலாற்றாளர். இடைக்கால ஐரோப்பாவில் குழந்தைப்பருவம் என்ற கருத்தே இருக்கவில்லை என்று 1960இல் அவர் எழுதினார். ஓவியங்களில் குழந்தைகள் சிறிய உருவத்துப் பெரியவர்களாகவே வரையப்பட்டதையும், தாயோ செவிலியோ அருகில் இல்லாமல் சமாளிக்கும் நிலை வந்ததும் அவர்கள் பெரியவர்களின் வேலையிலும் விளையாட்டிலும் கலந்துவிட்டதையும் அவர் சான்றாகக் காட்டினார். பிற்காலத்தில் பள்ளியும், உறவுக் கூட்டத்திலிருந்து ஒதுங்கித் தன்னளவில் வாழத் தொடங்கிய குடும்பமும் சேர்ந்து குழந்தையைப் பெரியவர்களின் உலகத்திலிருந்து பிரித்தெடுத்தன என்பது அவர் வாதம். இதற்கு எழுந்த மறுப்புகள் பல. 1500 முதல் 1900 வரையிலான நாட்குறிப்புகளையும் தன்வரலாறுகளையும் வாசித்த லிண்டா பொல்லாக், பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டபோது பதறுவதிலும் இறந்தபோது துடிப்பதிலும் அக்காலப் பெற்றோர் இக்காலத்தவருக்கு இளைத்தவர்கள் அல்லர் என்று 1983இல் காட்டினார். இருவரையும் எதிரெதிரே நிறுத்தி வாசிப்பது வழக்கம். எனக்கென்னவோ அவர்கள் வேறு வேறு கேள்விகளுக்கு விடை சொல்வதாகவே படுகிறது. பெற்றவர்களுக்குப் பாசம் இருந்ததா என்பது ஒரு கேள்வி. அந்தப் பாசம் பிள்ளையை எந்த இடத்தில், எந்த வேலையில், யாரோடு வைத்தது என்பது இன்னொன்று. முதல் கேள்விக்கு எல்லாக் காலத்திலும் விடை ஒன்றாகவே இருக்கலாம். சமூகவியலுக்கு வேலை இருப்பது இரண்டாவதில்தான்.

பாசத்துக்குப் பஞ்சமே இல்லாத இலக்கியம் நம்முடையது. குறுகுறுவென நடந்து வந்து, நெய்ச்சோற்றில் கையை விட்டுத் துழாவி, உடம்பெல்லாம் பூசிக்கொள்ளும் பிள்ளை இல்லாதவர்களுக்கு வாழும் நாளால் பயனில்லை என்று பாண்டியன் ஒருவனே பாடியது புறநானூற்றில் 188ஆம் பாட்டாக இருக்கிறது. அதே தொகுப்பின் 77ஆம் பாட்டில் தலையாலங்கானத்துப் போர்க்களத்தில் நெடுஞ்செழியன் நிற்கிறான். கிண்கிணி கழற்றிய காலில் கழல் ஏறியிருக்கிறது. கழுத்தில் ஐம்படைத் தாலி இன்னும் கழற்றப்படவில்லை. பால்குடி விட்டுச் சோறு உண்டதே இன்றுதான் என்கிறார் புலவர். புகழ்வதற்காக வயதைக் குறைத்துச் சொல்கிறார் என்பது தெரிந்ததே. ஆனாலும் குழந்தைமைக்குரிய அணிகலன் எது, அதைக் கழற்றும் தருணம் எது என்ற தெளிவு இருந்தால்தான் இப்படி ஒரு வரி பிறக்கும். ஆகவே குழந்தைப்பருவம் என்ற எண்ணமே இங்கு இருக்கவில்லை என்று ஆரியஸ் வழியில் சொல்லிவிட முடியாது. அது சீக்கிரம் முடிந்துவிட்டது என்று வேண்டுமானால் சொல்லலாம். 312ஆம் பாட்டில் ஒரு மறக்குடித் தாய் கடமைகளைப் பங்கிடுகிறாள்: பெற்று வளர்ப்பது தனக்கு, சான்றோனாக்குவது தந்தைக்கு, வேல் வடித்துக் கொடுப்பது கொல்லனுக்கு, நன்னடை தருவது வேந்தனுக்கு, யானையைக் கொன்று திரும்புவது மகனுக்கு. ஊரே சேர்ந்து ஒரு பையனை எதற்காக வளர்க்கிறது என்பதை இவ்வளவு வெளிப்படையாகச் சொல்லும் சமூகவியல் ஆவணம் வேறெங்கும் எளிதில் கிடைக்காது.

பிள்ளைத்தமிழும் இதைத்தான் வேறு விதமாகக் காட்டுகிறது. காப்பு, செங்கீரை, தால், சப்பாணி என்று பத்துப் பருவங்களாகக் குழந்தையின் ஒவ்வோர் அசைவையும் பாடும் அந்த இலக்கியம், பாட்டியல் என்னும் இலக்கண நூல்களின் பொதுவான கணக்குப்படி மூன்றாம் மாதத்தில் தொடங்கி இருபத்தோராம் மாதத்தில் முடிந்துவிடுகிறது. அதிலும் பாடப்பட்ட பிள்ளைகள் தெய்வங்களும் அரசர்களும் பெரியோர்களும். இரண்டு வயதுக்குப் பிறகு பிள்ளை என்ன ஆனது? சிலப்பதிகாரத்தில் கண்ணகிக்குத் திருமணம் நடக்கும்போது வயது பன்னிரண்டு, கோவலனுக்குப் பதினாறு. இரண்டுக்கும் பன்னிரண்டுக்கும் இடைப்பட்ட அந்த நீண்ட காலத்தைப் பற்றி, அதுவும் வணிகர் வீட்டிலோ அரண்மனையிலோ பிறக்காத பிள்ளையின் அந்தக் காலத்தைப் பற்றி, நம் பழைய இலக்கியம் பெரும்பாலும் பேசுவதில்லை. ஆடு மாடு மேய்த்தவர்களுக்குப் பிள்ளைத்தமிழ் பாட யாரும் இருக்கவில்லை.

பள்ளி என்ற ஏற்பாடு இங்கே வெள்ளையர் கொண்டு வந்ததல்ல என்பதும் நினைவில் வைக்க வேண்டியது. மணலில் விரலால் எழுதி, சட்டாம்பிள்ளை சொல்லச் சொல்லத் திருப்பிச் சொல்லும் திண்ணைப் பள்ளி முறையைச் சென்னையில் கண்ட ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார், எழும்பூரில் இருந்த படைவீரர் அனாதைச் சிறுவர் விடுதியில் அதைக் கையாண்டு பார்த்து, 1797இல் அது பற்றி எழுதி வெளியிட்டார். மூத்த மாணவர் இளையவருக்குக் கற்பிக்கும் அந்த முறை மெட்ராஸ் முறை என்ற பெயரிலேயே இங்கிலாந்தின் ஏழைப் பிள்ளைகளுக்குப் போய்ச் சேர்ந்தது. ஆளுநராக இருந்த தாமஸ் மன்றோ எடுத்த கணக்கின்படி 1820களில் சென்னை மாகாணத்தில் 12,498 பள்ளிகளில் 1,88,650 பேர் படித்தார்கள். மக்கள்தொகை ஏறக்குறைய ஒன்றேகால் கோடிக்குச் சற்று மேல். அன்றைய இங்கிலாந்தோடு ஒப்பிட்டு இந்தக் கணக்கை எடுத்துக்காட்டிப் பெருமைப்படுவோர் உண்டு. பெருமைக்கு இடமும் உண்டு. ஆனால் அந்தக் கணக்கில் பெண் பிள்ளைகள் மிகச் சொற்பம். சேரிப் பிள்ளைகள் கிட்டத்தட்ட இல்லவே இல்லை. திண்ணையும் மணலும் எல்லா ஊரிலும் இருந்திருக்கலாம். எந்தத் தெருப் பிள்ளை அந்தத் திண்ணையில் ஏறலாம் என்பதைச் சாதி முன்பே முடிவு செய்திருந்தது.

சட்டங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டுக் கடந்து போகலாம். 1881ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் ஏழு வயதுக்குக் குறைந்தவர்களை வேலைக்கு வைக்கக் கூடாது என்றது. ஏழிலிருந்து பன்னிரண்டு வயதுப் பிள்ளை நாளொன்றுக்கு ஒன்பது மணி நேரம் உழைக்கலாம். 1891இல் அந்த ஏழு ஒன்பதானது. 1948இல் பதினான்கானது. திருமணத்துக்குப் பெண்ணின் வயது 1929ஆம் ஆண்டுச் சட்டத்தில் பதினான்கு, 1949இல் பதினைந்து, 1978இல் பதினெட்டு. குழந்தை என்ற சொல் ஒன்றாக இருக்க, அதன் எல்லை மட்டும் நூறு ஆண்டுகளில் இவ்வளவு தூரம் நகர்ந்திருக்கிறது. இன்றும் கட்டாயக் கல்விக்குப் பதினான்கு, பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் சட்டத்துக்குப் பதினெட்டு என்று ஆளுக்கொரு எல்லை வைத்திருக்கிறோம்.

சட்டம் பதினான்கு என்று எழுதிய பிறகும் முப்பது, நாற்பது ஆண்டுகளுக்குச் சாத்தூர், சிவகாசி, கோவில்பட்டி வட்டாரத்தில் வாழ்ந்த பிள்ளைகளின் காலை விடியலுக்கு முன்பே தொடங்கியது. தீப்பெட்டி ஆலை வண்டி ஊருக்குள் வந்து ஒலி எழுப்பும்; அரைத் தூக்கத்தில் தூக்குவாளியோடு பிள்ளைகள் ஏறுவார்கள். ஐய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டித் தொழில் கற்று வந்தது 1920களின் தொடக்கத்தில். மழை பொய்க்கும் கரிசல் பூமிக்கு அந்தத் தொழில் கஞ்சி ஊற்றியது என்பதை யாரும் மறுக்க முடியாது. அதன் உள்ளே பிள்ளைகளுக்கு இருந்த முக்கிய வேலை, வரிப்பள்ளம் வெட்டிய மெல்லிய சட்டங்களில் மருந்து தோய்க்காத குச்சிகளை ஒவ்வொன்றாக அடுக்குவது. ஒரு வரிசை நிரம்பியதும் அதன் மேல் அடுத்த சட்டம், அதன் மேல் அடுத்தது. கட்டு முழுமையானால்தான் கூலிக் கணக்கில் ஏறும். சின்ன விரல்தான் ஓடும், பெரியவர்களுக்கு இது வராது என்று முதலாளிகள் சொன்னார்கள். அதைப் பெற்றவர்களும் நம்பினார்கள். பிற்பாடு இதே வேலையை வளர்ந்த பெண்கள் குறையில்லாமல் செய்துகொண்டுதான் இருந்தார்கள்.

என் அம்மா ஆலைக்குப் போனவர் அல்லர். வீட்டில் பெட்டி ஒட்டியவர். ஏஜென்ட் கொண்டு வந்து போடும் மெல்லிய மரச்சில்லை மடித்து, கிழங்கு மாவு காய்ச்சிய பசையைத் தடவிய தாளில் உருட்டி, ஆள்காட்டி விரலால் ஓரத்தை ஒரு நீவு நீவி எறிந்தால் ஒரு பெட்டி. நூற்று நாற்பத்து நான்கு சேர்ந்தால் ஒரு குரோசு. கூலி குரோசுக்கு இவ்வளவு. பள்ளிக்கூடம் விட்டு வந்து பையை மாட்டிவிட்டு நிமிர்வதற்குள், "ஒக்காந்து ரெண்டு குரோசு ஒட்டிட்டு எங்க வேணாலும் போ தாயி" என்று அம்மாச்சி சொல்வாராம். அம்மா இதைச் சொல்லும்போது அவர் குரலில் குறை இருப்பதில்லை. அண்ணன் தம்பிகளுக்குள் யார் வேகம் என்ற போட்டி, பக்கத்து வீட்டுப் பெண்களோடு பாட்டு, வேலை முடிந்த பிறகு கிடைக்கும் சேவு என்று அவருக்கு அது ஓர் உயிருள்ள காலம். எழுபது வயதிலும் பேசிக்கொண்டே இருக்கும்போது மருந்துச் சீட்டின் ஓரத்தை அந்த விரல் தானாக நீவுகிறது. உழைத்த பிள்ளைக்குக் குழந்தைப்பருவமே இருக்கவில்லை என்று எழுதும் கட்டுரைகளைப் படிக்கும்போது எனக்கு ஒரு சங்கடம் எழுவது இதனால்தான். 1990 வாக்கில் ஆலிசன் ஜேம்ஸ், ஆலன் புரூட் போன்றவர்கள் முன்வைத்த புதிய குழந்தைச் சமூகவியல், குழந்தைகளை வருங்காலப் பெரியவர்களாக மட்டும் பார்க்காமல், இப்போதே தம் உலகத்தை ஆக்கிக்கொள்ளும் மனிதர்களாகப் பார்க்க வேண்டும் என்றது. சரியான பார்வை. ஆனால் அதைச் சொல்லிவிட்டு நின்றுவிடவும் முடியாது. அம்மா ஐந்தாம் வகுப்போடு நின்றார். மாமாக்கள் இருவரும் மேலே படித்தார்கள். அந்தப் படிப்புக்குப் போன காசில் அம்மாவின் குரோசுகளும் உண்டு.

கூலி எப்படிக் கொடுக்கப்படுகிறது என்பது இங்கே மிக முக்கியமானது. இதற்குப் போதிய கவனம் கிடைத்ததாக எனக்குத் தோன்றவில்லை. நாள் கூலி என்றால் வேலைக்கு வந்த ஆள் யார் என்று ஒரு பெயர் இருக்கும். குரோசுக்கு இவ்வளவு, ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்றால் வேலை செய்தது யார் என்ற கேள்வியே எழாது. குடும்பம் முழுவதும் ஒரே ஆளாகிவிடும். திருநெல்வேலிப் பக்கத்தில் தாய் பீடி சுற்ற, மகள் நுனி மடக்க, கணக்குப் புத்தகத்தில் தாயின் பெயர் மட்டும் இருந்தது. குழந்தை உழைப்பு என்று ஒன்று அங்கே எந்த ஆவணத்திலும் இல்லை. 2016இல் திருத்தப்பட்ட சட்டமும், பதினான்கு வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களை எந்தத் தொழிலிலும் வைக்கக் கூடாது என்று சொல்லிவிட்டு, பள்ளி நேரம் போகக் குடும்பத் தொழிலில் உதவலாம் என்று ஒரு கதவைத் திறந்தே வைத்திருக்கிறது.

பிறகு எப்படி மாறியது? ஜான் கால்டுவெல் என்ற ஆஸ்திரேலிய மக்கள்தொகையியலாளர் 1976இல் ஒரு விளக்கம் சொன்னார். வாழ்நாள் முழுவதையும் கூட்டிக் கழித்தால் செல்வம் பிள்ளைகளிடமிருந்து பெற்றோருக்குப் போகும் சமூகத்தில் நிறையப் பிள்ளை பெறுவது அறிவுடைமை. அந்த ஓட்டம் திரும்பிப் பெற்றோரிடமிருந்து பிள்ளைகளுக்குப் பாயத் தொடங்கினால் பிறப்பு குறையும். அப்படித் திருப்பிவிடும் பெரிய விசை எல்லோருக்குமான பள்ளிக்கல்வி என்றார் அவர். பள்ளி பிள்ளையின் நேரத்தை எடுத்துக்கொள்கிறது, செலவு வைக்கிறது, அதைவிட முக்கியமாக, பிள்ளையிடம் வேலை வாங்குவது தவறு என்ற எண்ணத்தை வீட்டுக்குள் கொண்டு வருகிறது. தமிழ்நாட்டில் ஒரு பெண் சராசரியாகப் பெறும் பிள்ளைகளின் எண்ணிக்கை 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வில் 1.8. அம்மாச்சி பெற்றது எட்டு, தங்கியது ஐந்து.

எல்லோருக்கும் பள்ளி என்பது இங்கே சண்டையில்லாமல் வந்துவிடவில்லை. 1953இல் இராஜாஜி அரசு கிராமத் தொடக்கப் பள்ளிகளின் நேரத்தை நாளுக்கு மூன்று மணியாக்கி, மீதி நேரத்தில் பிள்ளைகள் பெற்றோரின் தொழிலைக் கற்கட்டும் என்றது. குலக்கல்வித் திட்டம் என்று எதிர்ப்பாளர்கள் பெயரிட்ட அது, 1954இல் காமராசர் முதல்வரானதும் கைவிடப்பட்டது. அரசியல் வரலாற்றில் அதன் இடம் எல்லோருக்கும் தெரிந்ததே. குழந்தைப்பருவத்தின் வரலாற்றில் அதன் இடம் அதைவிடப் பெரிது என்பேன். பள்ளிகள் போதாத, பணமில்லாத மாகாணத்தில் இரண்டு மடங்குப் பிள்ளைகளுக்கு இடம் தர ஒரு வழி என்ற நிர்வாக நியாயம் அந்தத் திட்டத்துக்கு இருந்தது. ஆனால் குயவர் பிள்ளையின் பிற்பகல் யாருக்குச் சொந்தம் என்ற கேள்விக்கு அது குயவரின் சக்கரத்துக்கே என்று விடை சொன்னது. அந்த விடையை மக்கள் ஏற்கவில்லை.

மறுத்தால் மட்டும் போதாது. பிற்பகல் வரை பிள்ளையைப் பள்ளியில் நிறுத்த வயிற்றுக்கு ஏதாவது வேண்டும். நீதிக்கட்சிக் காலத்தில், 1920இல், சென்னை மாநகராட்சியின் ஆயிரம் விளக்குப் பள்ளியில் தொடங்கிப் பார்த்த மதிய உணவை 1950களின் நடுவில் காமராசர் மாநிலம் முழுவதும் விரித்தார். எம்.ஜி.ஆர். அரசு 1982 ஜூலை 1 அன்று அதைச் சத்துணவாக்கி, இரண்டு வயதுப் பிள்ளையிலிருந்தே உள்ளே கொண்டு வந்தது. இலவசச் சீருடை, புத்தகம், பஸ் பாஸ் ஆகியவை ஒவ்வொன்றாகச் சேர்ந்தன. 2022 செப்டம்பரிலிருந்து காலை உணவும் சேர்ந்திருக்கிறது. வேடிக்கை என்னவென்றால், தமிழ்நாடு தனக்கென்று கட்டாயத் தொடக்கக் கல்விச் சட்டம் இயற்றியது 1994இல்தான். இந்திய அரசு பிள்ளைகளைப் பள்ளிக்கு வரக் கட்டாயப்படுத்தாததற்கு, ஏழைப் பிள்ளை உழைக்கத்தான் வேண்டும் என்று மேல்தட்டினர் உள்ளூர நம்பியதே காரணம் என்று அமெரிக்க அரசியல் அறிஞர் மைரன் வெய்னர் 1991இல் கடுமையாக எழுதினார். நாடு முழுவதற்கும் அது பொருந்தலாம். இங்கே கட்டாயம் வருவதற்கு முன்பே சோறு வந்துவிட்டது. பிள்ளை ஆலைக்குப் போனால் கிடைக்கும் கூலியையும் பள்ளிக்குப் போனால் மிச்சமாகும் ஒரு வேளைச் சோற்றையும் ஏழைத் தாய் மனத்துக்குள் கூட்டிக் கழிக்கும்போது அந்தத் தட்டு கொஞ்சம் கனத்தது. உச்ச நீதிமன்றம் 1996 டிசம்பரில் சிவகாசி வழக்கில், வேலைக்கு வைத்த ஒவ்வொரு பிள்ளைக்கும் முதலாளி 20,000 ரூபாய் கட்ட வேண்டும் என்று தீர்ப்பளித்தபோது, அடுத்த தலைமுறைத் தாய்மார்கள் ஏற்கெனவே கணக்கை மாற்றிப் போடத் தொடங்கியிருந்தார்கள்.

இப்படிச் செலவுப் பக்கத்துக்குப் போன குழந்தை மதிப்பில் தாழவில்லை, ஏறியது. அமெரிக்காவில் 1870க்கும் 1930க்கும் இடையில் நடந்த இதே மாற்றத்தை ஆராய்ந்த விவியானா செலிசர், பொருளாதாரத்தில் பயனற்றதாகிப் போன குழந்தை உணர்வில் விலைமதிப்பற்றதாக ஆனது என்று காட்டினார். 1896இல் ஜார்ஜியாவில் இரயில் நிறுவனத்தின் மீது வழக்குத் தொடர்ந்த பெற்றோருக்கு, இறந்த இரண்டு வயதுக் குழந்தை சம்பாதிக்கும் நிலையில் இல்லை என்று சொல்லி நீதிமன்றம் அடக்கச் செலவை மட்டும் கொடுத்தது. 1979இல் நியூயார்க்கில் பல் மருத்துவமனையில் இறந்த மூன்று வயதுக் குழந்தைக்காக நடுவர் குழு 7,50,000 டாலர் வழங்கியது. நம் ஊரில் இந்தக் கதை முழுதாக அப்படித் திரும்பவில்லை. மோட்டார் வாகனச் சட்டத்தில் 1994இல் சேர்க்கப்பட்ட அட்டவணை, வருமானமில்லாதவருக்கு ஆண்டுக்கு 15,000 ரூபாய் என்று கற்பித வருமானம் ஒன்றை வைத்தது. விபத்தில் இறந்த பத்து வயதுச் சிறுவன் ஒருவனின் வழக்கில் 2013இல் உச்ச நீதிமன்றம் அதை 30,000 ஆக்கியது. துயரத்துக்கு ஒரு தொகை தனியாக உண்டு. ஆனாலும் கணக்கின் முதுகெலும்பு, அந்தப் பிள்ளை வளர்ந்து பெற்றோருக்கு எவ்வளவு கொடுத்திருப்பான் என்பதுதான். செலவுப் பக்கத்தில் எழுதிய குழந்தையை நாம் வரவுப் பக்கத்திலிருந்து இன்னும் அடிக்கவில்லை. தேதியைத் தள்ளிப் போட்டிருக்கிறோம்.

பெண் பிள்ளைகளின் கணக்கு வேறு. உசிலம்பட்டிப் பக்கம் பெண் சிசுக்கள் கள்ளிப்பாலுக்குப் பலியானதும், வேண்டாத பெண் சிசுவை விட்டுச் செல்ல 1992இல் சேலத்தில் அரசே தொட்டில் வைத்ததும் நடந்த அதே பத்தாண்டுகளில்தான் பெண் பிள்ளைகள் பெருந்திரளாகப் பள்ளிக்குள் வந்தார்கள். பெண்ணுக்குக் குழந்தைப்பருவம் முடியும் நாளை உடம்பு முடிவு செய்தது. சடங்கு சுற்றி, தாய்மாமன் சீர் கொண்டு வந்து, பந்தல் பிரித்த பிறகு பலருக்குப் பள்ளிக்கூடம் இல்லை. அந்த நாளைத் தள்ளிப் போடுவதற்கு அரசு கையாண்ட வழி எனக்கு மிகவும் சுவையானது. 1989இல் வந்த மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் திருமண உதவி, பெண் எட்டாம் வகுப்பு வரை படித்திருந்தால் 5,000 ரூபாய் என்றது; பிறகு அந்த வரம்பு பத்தாம் வகுப்பானது. கல்யாணத்துக்குத்தான் பணம், ஆனால் படித்தால்தான் பணம். 2001 முதல் சைக்கிள் வந்தது. தொலைவில் இருக்கும் மேல்நிலைப் பள்ளிக்கு வயதுக்கு வந்த பெண்ணை எப்படித் தனியே அனுப்புவது என்று கேட்ட வீட்டுக்கு அது ஒரு பதில். 2022இல் அந்தத் திருமண உதவியே உருமாறி, அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்குப் போகும் பெண்ணுக்கு மாதம் 1,000 ரூபாயாகிவிட்டது. இத்தனைக்குப் பிறகும், 2019-21 ஆய்வில் இருபதிலிருந்து இருபத்து நான்கு வயதுப் பெண்களில் ஏறத்தாழ 13 விழுக்காட்டினர் பதினெட்டுக்கு முன்பே மணமானவர்கள். நூற்பாலைகளில் மூன்றாண்டு ஒப்பந்தத்தில் தங்கி வேலை செய்து, முடிவில் ஒரு தொகையோடு திரும்பும் சுமங்கலித் திட்டம் என்ற பெயருக்குள்ளேயே அந்தப் பணம் எதற்கு என்பதும் இருக்கிறது. அதில் சேர்ந்தவர்களில் பலர், தொழிலாளர் சட்டம் குழந்தை என்றும் சொல்லாத, பெரியவர் என்றும் சொல்லாத பதினான்குக்கும் பதினெட்டுக்கும் இடைப்பட்டவர்கள்.

இந்தப் பக்கம், செலவு தாங்கக்கூடிய வீடுகளில் என்ன நடந்தது? நாமக்கல், இராசிபுரம் வட்டாரத்து விடுதிப் பள்ளிகளை ஊரே பிராய்லர் பள்ளி என்று அழைத்தது. விடியற்காலையில் எழுப்பி, படிப்பு வேளை, தேர்வு, மீண்டும் படிப்பு வேளை என்று இரவு வரை நடத்தி, பதினோராம் வகுப்புப் பாடத்தைத் தொடாமலே பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தை இரண்டு ஆண்டுகள் உருப்போட வைத்த பள்ளிகள் அவை. 2017இல் அரசு தரவரிசை அறிவிப்பை நிறுத்தியதும், பதினோராம் வகுப்புக்குப் பொதுத்தேர்வு கொண்டு வந்ததும் பெருமளவு இதை உத்தேசித்துத்தான். பள்ளியில் பிள்ளைகள் செய்வதும் உழைப்பே, கூலி இல்லாததாலும் பலன் பின்னால் வருவதாலும் நாம் அதை உழைப்பாக எண்ணுவதில்லை என்று டென்மார்க்கைச் சேர்ந்த யென்ஸ் குவோர்ட்ருப் வாதிட்டு வந்தார். ஒரு காலத்தில் இதை மிகைப்பேச்சு என்று ஒதுக்கியிருப்பேன். என் அக்கா மகன் அப்படியொரு விடுதியில் இருந்தபோது மாதம் ஒரு ஞாயிறு பார்க்கப் போவோம். மரத்தடியில் உட்கார்ந்து பிரியாணியைச் சாப்பிட்டுக்கொண்டே, "மாமா, நேத்து டெஸ்ட்ல ரெண்டு மார்க் போச்சு, அப்பாகிட்ட இப்ப சொல்லாதீங்க" என்பான். அவன் அப்பா அந்தக் கட்டணத்துக்காக நிலத்தின் ஒரு பகுதியை விற்றிருந்தார் என்பது அவனுக்குத் தெரியும். அம்மாச்சி வீட்டில் குரோசுக் கணக்கு சுமத்திய பாரத்தைவிட இது இலேசானது என்று என்னால் சொல்ல முடியவில்லை. அந்தப் பாரமாவது சாயங்காலத்தில் முடிந்தது.

செல்பேசி வந்து குழந்தைப்பருவத்தைக் கெடுத்துவிட்டது என்ற புலம்பலைப் பற்றி எனக்குச் சொல்ல அதிகம் இல்லை. பிள்ளைகளைத் தெருவிலிருந்து வீட்டுக்குள் கொண்டு வந்தது செல்பேசி அல்ல. வாகனமும், பக்கத்து வீட்டாரை அறியாத அடுக்ககமும், ஒற்றைப் பிள்ளையைப் பற்றிய அச்சமும் அதற்கு முன்பே அதைச் செய்துவிட்டன. உள்ளே வந்த பிள்ளையின் கையில் பிறகுதான் செல்பேசி ஏறியது.

எல்லாப் பிள்ளைகளும் இந்தப் பாதையில் வந்துவிட்டதாக எண்ணுவதற்கும் இடமில்லை. திருவள்ளூர் மாவட்டத்தின் செங்கல் சூளைகளுக்குப் பொங்கலை ஒட்டி ஒடிசாவின் மேற்கு மாவட்டங்களிலிருந்து குடும்பம் குடும்பமாக ஆட்கள் வந்து, மழை தொடங்கும் வரை வேலை செய்கிறார்கள். அவர்களுடைய பிள்ளைகளுக்காக ஒடியா மொழியிலேயே பாடம் நடத்தும் வேலையிடப் பள்ளிகள் அங்கே நடந்திருக்கின்றன. வேற்றுமொழிப் பிள்ளைகளுக்கு அவர்கள் மொழியிலேயே பாடம் சொல்ல முனைந்தது தமிழ்நாடு பெருமைப்படத் தக்க செயல்தான். ஆனால் பள்ளியாண்டின் நடுவில் வந்து, அது முடிந்து புதியது தொடங்கும் வேளையில் கிளம்பிவிடும் பிள்ளைக்கு இரண்டு ஊர்ப் பள்ளிகளிலும் ஆண்டு முழுமையாவதில்லை. கூலியோ ஆயிரம் கல்லுக்கு இவ்வளவு. வெயிலில் பரப்பிய பச்சைக்கல் ஒரு பக்கம் காய்ந்ததும் புரட்டிப் போட வேண்டும்; கனம் குறைந்த, குனிந்து நிமிரச் சிரமப்படாத ஆள் நடந்தால் கல் உடையாது. முகவர் ஊரில் வந்து முன்பணம் பேசும்போது கணவன் மனைவி பெயரைத்தான் எழுதிக்கொள்கிறார்; இத்தனை ஆயிரம் கல் அறுத்து இத்தனை மாதத்தில் கடன் அடையும் என்று அவர் போடும் கணக்கு, பிள்ளையும் கூட வந்தால்தான் நேராகும்.